கூட்டிப்போக ஒருவர்

தென்மாவட்டத்துச் சபை ஒன்றில் வாலிபர் ஊழியம் செய்கிறவரை முற்பகல் பதினொரு மணிக்குத் தேடினால் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் பார்க்கலாம். மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு இலை வெட்டுகிற அம்மாவிடம் அவருடைய மகனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். மேடை, கிட்டார், முகாம், சுவரொட்டி எல்லாம் வெளியே தெரிகிறவை. வாலிபர்களோ பகலில் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஒர்க்‌ஷாப்பிலோ இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது அம்மாமாரும் ஆச்சிமாரும்தான். "ரெண்டு நாளா சரியாச் சாப்பிட மாட்டேங்கான் ஐயா. நாங்க கேட்டா எரிஞ்சு விழுதான். நீங்க கேட்டாச் சொல்லுவான்" என்று அந்த அம்மா சொல்கிற இடத்தில்தான் அன்றைய ஊழியம் தொடங்குகிறது. சாயங்காலம் வாலிபால் நெட் கட்டும்போது அந்தப் பையனின் பக்கத்தில் போய் நிற்பார். வீட்டில் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆட்டம் முடிந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது அவனாகவே பேசுவான். சில நாள் பேசவும் மாட்டான்.

இந்த வேலைக்கு ஆண்டு அறிக்கையில் இடமில்லை. அறிக்கையில் வருவன வேறு. தேர்வு முடிந்த கையோடு விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி. பாட்டும் ஆக்‌ஷனும் மனப்பாட வசனமும் கைவேலையுமாகப் பிள்ளைகளுக்குப் பத்து நாள். சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர்களே பள்ளியை அப்போதுதான் முடித்தவர்கள். அப்புறம் வேதவினாப் போட்டி, வாலிபர் ஞாயிறு, முகாம், டிசம்பரில் குட்டியானை வண்டியில் கீபோர்டும் ஜெனரேட்டரும் ஏற்றிக்கொண்டு விடியவிடிய கேரல் ரவுண்ட்ஸ், தவசு நாட்கள், ஈஸ்டர் அதிகாலைப் பவனி. இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. எஃப்.எம்.பி.பி. என்று எல்லோரும் அறிந்த மிஷனெரி ஜெபக்குழுவே விபிஎஸ் ஊழியத்தில் ஒன்றுசேர்ந்த வாலிபர்கள் கூடி ஜெபித்ததிலிருந்து முளைத்ததுதான். கோடை விடுமுறையில் குழந்தைகளுக்குக் கதை சொன்ன பிள்ளைகள் பிறகு வடமாநிலத்து மலைக் கிராமங்கள் வரை போனார்கள். நிகழ்ச்சி என்று நாம் நினைப்பதற்குள் ஒரு வாழ்நாளுக்கான விதை இருக்கக்கூடும்.

ஆனால் எந்த நாட்குறிப்பிலும் எழுதாத ஒரு பருவம் இருக்கிறது. பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து ஜூலை கடைசி வரையுள்ள நாட்கள். அப்போது பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகிறார்கள். படிக்கப் போகிறவர்கள் சிலர். கோயம்புத்தூர் மில்லுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் சென்னைக் கடைகளுக்கும் போகிறவர்கள் பலர். பத்து வயதிலிருந்து கூடவே வளர்ந்த ஒரு பையன் சாயங்காலம் வந்து, "அண்ணே, நாளைக்கு வண்டி. ஜெபம் பண்ணுங்க" என்று தலை குனிந்து நிற்பான். தலையில் கைவைத்து ஜெபிப்பதோடு அந்த ஊழியரின் வேலை முடிந்ததா என்பதுதான் என்னை நெடுநாளாக அலைக்கழிக்கிற கேள்வி. முடியவில்லை, பாதி வேலை அங்கேதான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன். வாலிபர் ஊழியத்தில் தொடர்புகள் என்று எதையெல்லாமோ சொல்கிறோமே, அதற்குப் பொருள் இருக்கிற இடம் இதுதான்.

நல்ல ஊழியரின் கைப்பேசியைப் பார்த்தால் தெரியும். பெயர்களெல்லாம் ஊரோடு சேர்ந்திருக்கும்: வேளச்சேரி அக்கா, பீளமேடு அண்ணன், ஓசூர் டீச்சர், ஷார்ஜா பிரதர். இவர்கள் யாரும் பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் இல்லை. ஒருவர் பழைய முகாமில் ஒரே அறையில் தங்கியவர். இன்னொருவர் கல்லூரியில் மாணவர் ஜெபக்குழுவை நடத்தியவர். மற்றொருவர் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர். பந்தியில் அந்த ஊழியர் கேட்பது இரண்டே கேள்வி: "இப்ப எங்க இருக்கீங்க? எந்தச் சபைக்குப் போறீங்க?" பதில் கைப்பேசிக்குள் போய்விடும். பார்ப்பவர்களுக்கு வம்பளப்பதுபோலத் தோன்றும். அடுத்த ஜூனில் அந்த ஊருக்கு யார் போகப்போகிறார்கள் என்று அவர் மனதில் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

எண்ணைக் கொடுப்பது வேறு, ஆளை ஒப்படைப்பது வேறு. "நம்பர் அனுப்பியிருக்கேன், கூப்பிட்டுப் பேசு" என்று சொல்லிவிட்டால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் கூப்பிடமாட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு என்னவென்று பேசுவது? கூச்சம் வாயைக் கட்டிவிடும். அழைப்பு அந்தப் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். இங்கிருக்கும் ஊழியர் அங்கிருக்கும் அக்காவிடம் பிள்ளையின் பெயர், வருகிற பேருந்து, தங்கப்போகிற இடம், எதற்குப் பயப்படும், என்ன பாடும் என்பதெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். "தம்பி, நான் ஊரு அண்ணன் சொன்ன அக்கா பேசுறேன். எறங்கிட்டியா? எந்த ரூம்ல போட்டிருக்காங்க? தண்ணி வருதா?" என்று கேட்டுவிட்டால் பாதி அந்நியம் அங்கேயே போய்விடும். தெற்கிலிருந்து போகிற பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன. விடிவதற்கு முன்பே அங்கே பையோடு இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அழைப்பு எவ்வளவு பெரியது என்பது அப்படி நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் சில ஞாயிறுகள் முக்கியமானவை. கிராமத்தில் ஒரு வாரம் கோயிலுக்கு வராவிட்டால் உபதேசியார் வீட்டுக்கே வந்து கேட்பார். நகரத்தில் யாரும் கேட்பதில்லை. அது முதலில் பெரிய விடுதலையாக இருக்கிறது. சில வாரத்தில் நம்மைக் கேட்க ஒருவருமில்லை என்கிற வெறுமையாகிவிடுகிறது. துணிந்து ஒரு பெரிய கோயிலுக்குப் போனாலும், ஆராதனை முடிந்ததும் எல்லோரும் அவரவர் காரில் ஏறிப் போய்விட, இவன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு விடுதிக்குத் திரும்புவான். அடுத்த வாரம் துணி துவைக்க வேண்டியிருக்கும். அதற்கடுத்த வாரம் தூக்கம். விசுவாசம் குளிர்ந்துபோனது என்று பிறகு ஊரில் பேசுவார்கள். விசுவாசத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. கூட்டிப்போக அங்கே ஒருவர் இல்லை.

கடைகளுக்குப் போனவர்கள் நிலை இன்னும் கடினம். சென்னை தியாகராய நகரின் பெரிய துணிக்கடைகளிலும் பாத்திரக்கடைகளிலும் நிற்கிற பிள்ளைகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியும். ஒரே மண்டபத்தில் வரிசையாகப் படுக்கை, குளிக்க வரிசை, சாப்பிட வரிசை, காலையிலிருந்து கடை அடைக்கிறவரை நின்றபடியே வேலை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் வந்து, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று எழுதப்பட்டது. உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நகரம் முழுக்கத் துணி எடுக்க வருவது அன்றைக்குத்தான். வாரத்தில் விடுப்பு கிடைத்தாலும் அது செவ்வாயாகவோ புதனாகவோ இருக்கும். டிசம்பரில் ஊரில் அவர்களுடைய கூட்டாளிகள் கேரல் பாடிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும்போது, இவர்கள் பிற குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். நம்முடைய ஆராதனை ஞாயிறு காலை, வாலிபர் கூடுகை ஞாயிறு மாலை, முகாம் வார இறுதி. நம் ஊழியத்தின் முழுக் கால அட்டவணையும் ஞாயிறு விடுமுறை உள்ளவர்களுக்காக அமைந்தது. மாணவரையும் மாதச் சம்பள உத்தியோகத்தில் இருப்பவரையும் நாம் வாலிபர் என்று எண்ணிக்கொள்கிறோம். ஊரில் ஓய்வுநாள் பள்ளியில் முதல் பரிசு வாங்கிய பெண் பிள்ளை ஒரு கடையின் மூன்றாம் மாடியில் சுடிதார் பிரிவில் நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து நம் கணக்கில் இல்லை.

உலகத்திலேயே பெரிய கிறிஸ்தவ வாலிபர் அமைப்பு துணிக்கடைப் பையன்களிடமிருந்து பிறந்தது என்பதை நினைக்கும்போது இது இன்னும் வலிக்கிறது. ஜார்ஜ் வில்லியம்ஸ் இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1841-இல் லண்டனுக்கு வந்து, செயின்ட் பால் பேராலயத்தின் பக்கத்திலிருந்த ஹிட்ச்காக் அண்டு ராஜர்ஸ் என்ற துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடைப் பையன்கள் கடைக்கு மேலேயே தங்கவேண்டும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேர வேலை. கடை அடைத்த பிறகு போவதற்கு மதுக்கடையைத் தவிர வேறிடம் இல்லை. 1844 ஜூன் 6 அன்று வில்லியம்ஸ் படுத்துறங்குகிற அறையில் 12 பேர் கூடித் தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. அப்போது அவருக்கு வயது 22. பாதிரியார்களோ பேராயர்களோ தொடங்கியதல்ல. கூட்டம் நடந்தது கோயில் மணிக்கு ஏற்ப அல்ல, கடை அடைக்கிற நேரத்துக்கு ஏற்ப. இன்னொன்றும் நடந்தது. கடை முதலாளி ஜார்ஜ் ஹிட்ச்காக் தன் வேலையாட்களின் ஜெபத்தால் தொடப்பட்டு, அந்தச் சங்கத்தின் முதல் பொருளாளரானார். நம் ஊரில் இது நடக்காது என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

கத்தோலிக்கத் தரப்பிலும் இதற்கு இணையான ஒருவர் உண்டு. பெல்ஜியத்தின் ஜோசப் கார்டைன். அவர் குருமடத்திலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, கூடப் படித்துவிட்டு ஆலைக்கு வேலைக்குப் போயிருந்த நண்பர்கள் அவரிடமிருந்து விலகி நின்றார்கள். அந்த விலகல் அவரை வாழ்நாள் முழுதும் உறுத்தியது. 1925-இல் இளம் தொழிலாளர் இயக்கத்தை முறையாக நிறுவினார். அதில் பிரசங்கத்துக்கு முன்பு விசாரிப்பு வந்தது. எங்கே வேலை, எவ்வளவு கூலி, எங்கே தூங்குகிறாய், மேஸ்திரி எப்படி நடத்துகிறான் என்று இளைஞர்களே இளைஞர்களைக் கேட்டு எழுதினார்கள். நிலைமையைப் பார்ப்பது, சுவிசேஷத்தை வைத்து எடைபோடுவது, பிறகு ஏதாவது செய்வது என்ற ஒழுங்கு அது. நம்முடைய சபைகளின் வாலிபர் முகாம்களில் இத்தகைய விசாரிப்பு ஒரு மணி நேரம் நடந்தாலே போதும், பல பிரசங்கங்களின் தலைப்பு மாறிவிடும்.

ஒய்.எம்.சி.ஏ. சென்னைக்கு வந்தது 1890-இல், டேவிட் மெக்கானகி என்ற அமெரிக்கர் மூலமாக. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே எஸ்பிளனேடில் நிற்கிற அதன் சிவந்த கட்டடத்துக்குப் பெரும்பணம் கொடுத்தவர் ஜான் வானமேக்கர். பிலடெல்பியாவில் மிகப்பெரிய அங்காடி நடத்திய வணிகர்; தன் இளமையில் அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ.யின் சம்பளச் செயலாளராக இருந்தவர். இங்கும் ஒரு கடைக்காரரின் பணம். கிராமங்களிலிருந்து படிக்கவும் வேலை தேடவும் சென்னைக்கு வந்த பையன்களுக்குப் படிக்க ஓரிடம், விளையாட ஓரிடம், பேச்சுத் துணைக்கு ஆள் என்றுதான் அந்த வேலை தொடங்கியது. இன்று நம் ஊர்க் கோயில் வளாகங்களில் ஆடுகிற வாலிபாலும் 1895-இல் அமெரிக்காவில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் உருவாக்கியதே. அதே ஒய்.எம்.சி.ஏ.யின் ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் உடற்கல்விப் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் தமிழ்நாட்டின் எத்தனையோ பள்ளிகளுக்கு பி.டி. மாஸ்டர்களாகப் போனார்கள். மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.யின் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமப் புனரமைப்பு மையம் விவசாயிகளுக்குத் தேனீ வளர்க்கச் சொல்லிக் கொடுத்தது. மார்த்தாண்டம் தேன் இன்றைக்கும் பேர்பெற்றது. ஆத்துமாவை மட்டும் தனியே எடுத்துப் பேசிய ஊழியர்கள் இல்லை அவர்கள்.

அந்தச் சென்னை ஒய்.எம்.சி.ஏ. வேலைக்கு 1895-இல் செயலாளராக வந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். ரயிலிலும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகச் சுற்றி வாலிபர்களைச் சந்திப்பதுதான் அவருடைய வேலை. இன்றைய வாலிபர் ஊழியர் செய்கிற எல்லாவற்றையும் அவர் கைப்பேசி இல்லாமல் செய்தார். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் ஊழியரை அனுப்புவதைக் கண்டார். வெள்ளைக்காரர் வந்து செய்யட்டும் என்று நாம் ஏன் காத்திருக்கிறோம் என்ற கேள்வியோடு திரும்பினார். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனெரிச் சங்கம். ஒரு பயணமும் சில நண்பர்களும் என்ன செய்யமுடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் இல்லை என்பது என் எண்ணம். அதன் பிறகு அவர் மேடைகளில் தங்கிவிடவில்லை. 1909-இல் நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்னக்கல்லுக்கே ஊழியராகப் போனார். தெலுங்கு கற்றார். மாலா, மாதிகா மக்களிடையே வாழ்ந்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

அசரியாவின் கதையில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்வது நியாயமாகாது. அவர் தன் ஊர், தன் சாதி, தன் மொழி மூன்றையும் தாண்டினார். நம்முடைய தொடர்புகள் தாண்டுவதில்லை. தென்மாவட்டத்து ஊழியர் ஒருவரின் கைப்பேசியிலுள்ள வேளச்சேரி அக்காவும் பீளமேடு அண்ணனும் பெரும்பாலும் சொந்தக்காரர், அல்லது சொந்தக்காரரின் சொந்தக்காரர். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருகிறவர் யாராக இருக்கமுடியும் என்பது நமக்குத் தெரியும். அதனால் அந்தச் சங்கிலி உறவு வழியாகவே ஓடுகிறது. உறவு சாதிக்குள் ஓடுகிறது. காலனித் தெருவிலிருந்து அதே முகாமுக்கு வந்து, அதே பாட்டைப் பாடி, அதே ஊழியரிடம் ஜெபம் பண்ணச் சொல்லிவிட்டுப் போன பையனுக்குச் சென்னையில் யார் பேசுகிறார்கள்? அவனுக்காக யாரிடம் சொல்லி வைக்கிறோம்? ஊழியர் கெட்டவர் இல்லை. அவருக்கு அந்தப் பக்கத்தில் யாரையும் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை மாற்றுவதும் ஊழியம்தான். தன் உறவுக்கு வெளியே, தன் தெருவுக்கு வெளியே நட்புத் தேடிப் போகாத வாலிபர் ஊழியர் தன்னிடம் வந்த பிள்ளைகளில் ஒரு பகுதியைக் கைவிடுகிறார். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்களை ஒப்படைப்பது கூடுதல் பொறுப்பு. பெண் பிள்ளையின் எண்ணை அறுபது பேர் இருக்கிற வாட்ஸாப் குழுவில் போட்டு, "நம்ம சபைப் பிள்ளை வருது, யாராவது பார்த்துக்கோங்க" என்று எழுதுவது அக்கறையாகத் தோன்றலாம். அது ஆபத்து. அவளுக்கு ஓர் அக்காவிடம், குடும்பமுள்ள ஒரு வீட்டில், பெற்றோருக்குத் தெரிந்து அறிமுகம் வேண்டும். இரவில் வருகிற அழைப்பை ஊழியரின் மனைவி எடுப்பது நல்லது. பல வீடுகளில் உண்மையான பெண் பிள்ளைகள் ஊழியத்தைச் செய்வது அந்த மனைவிதான். அவருக்குப் பட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. முகாமில் இரவுப் பொறுப்பில் யார் இருக்கிறார்கள், அறைச் சாவி யாரிடம் என்பதைப் பெற்றோர் கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்லவேண்டும். போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. சட்டத்துக்குப் பயந்து இல்லாவிட்டாலும், தன் மகளை நம்பி அனுப்புகிற அம்மாவுக்காகவாவது இந்த ஒழுங்கு வேண்டும். ஊழியர் என்ற சொல்லை நம்பியே அவர் அனுப்புகிறார்.

ஊழியர்கள் தங்களுக்குள் கூடுவதைப் பற்றியும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தலைவர்கள் மாநாடு, ஒருங்கிணைப்பாளர் கூட்டம், தரிசனக் கருத்தரங்கு என்று நிறைய நடக்கின்றன. அடையாள அட்டையும் கோப்பும் கொடுக்கிறார்கள். எத்தனை சபை, எத்தனை பிள்ளைகள், எவ்வளவு இடத்தில் கிளை என்று பேசிக்கொள்கிறோம். ஒருவரை ஒருவர் மேடைக்குக் கூப்பிடுகிற ஏற்பாடாக அது முடிந்துவிடுகிறது. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஊழியரில் பலர் உள்ளுக்குள் தனிமையில் இருப்பவர்கள். சம்பளம் சொற்பம், சிலருக்கு அதுவும் இல்லாமல் விசுவாச ஊழியம். நாற்பது வயது தாண்டியும் வாலிபர் ஊழியர் என்றே பெயர். இரவு ஒரு மணிக்குத் தற்கொலை எண்ணத்தோடு கூப்பிட்ட பையனிடம் விடியும்வரை பேசிவிட்டு, காலையில் யாரிடமும் சொல்லமுடியாமல் வீட்டுச் சந்திப்புக்குக் கிளம்புகிறவர்கள். அப்படி ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தன் களைப்பைச் சொல்லமுடியாத மாநாட்டால் பயன் என்ன?

1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள் இருந்தார்கள். ஆசியர்கள் இருபதுக்கும் குறைவு. அவர்களில் ஒருவராக அசரியா பேசினார். வந்த மிஷனெரிகளின் தியாகத்தையும் உழைப்பையும் கொடையையும் நன்றியோடு ஏற்றுக்கொண்டு, ஆனால் எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்று கேட்டு முடித்தார். கூட்டத்தில் பலருக்கு அது கசந்தது. அவருக்கு அதைக் கேட்கத் தகுதி இருந்தது. ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கரோடு அவருக்கிருந்த நட்பு, கூடச் சாப்பிட்டு, கூடப் பயணம் செய்து, ஒருவர் குறையை மற்றவர் முகத்துக்கு நேரே சொன்ன நட்பு. சங்கங்களெல்லாம் அந்த நட்புக்குப் பின்னால் வந்தவை. இரண்டு ஊழியர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், சாப்பிட்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வரைக்கும் பேசமுடிகிற உறவு இருந்தால் மட்டுமே, "என் பிள்ளை ஒன்று உங்க ஊருக்கு வருது, நீங்க பாத்துக்கிடணும்" என்று ஒருவர் மற்றவரிடம் உரிமையோடு சொல்லமுடியும். அறிமுக அட்டையை வைத்துக்கொண்டு அதைச் சொல்லமுடியாது.

இனிமேல் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு சேகரத்திலும் ஊரைவிட்டுப் போகிறவர்களின் பட்டியல் ஒன்று ஜூன் மாதத்தில் எழுதப்படவேண்டும். கல்லூரிக்குப் போகிறவர்கள் மட்டுமில்லை. மளிகைக் கடைக்கும் பனியன் கம்பெனிக்கும் துணிக்கடைக்கும் போகிறவர்கள் பெயரும் வேண்டும். சென்னை, கோயம்புத்தூர், திருப்பூர் சபைகளில் வரவேற்கிற பொறுப்பை ஒரு குடும்பத்துக்கு, முடிந்தால் இரண்டு குடும்பத்துக்கு, சபையார் முன்பாகவே ஜெபித்துக் கொடுக்கவேண்டும். கடைப் பிள்ளைகளுக்காகத் தியாகராய நகர்ப் பக்கத்தில் ஏதாவது ஒரு சபை, வாரநாளில் இரவு பத்தரை மணிக்கு ஓர் அறையைத் திறந்து வைக்கலாம். பாட்டும் பிரசங்கமும் வேண்டாம். கால் நீட்டி உட்கார இடம், சூடாகச் சாப்பாடு, ஊர்ப்பேச்சு, அப்புறம் கேட்டால் ஒரு ஜெபம்.

தடைகள் எனக்குத் தெரியும். விடுதிக் கதவை நேரத்துக்குப் பூட்டிவிடுவார்கள். வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். பிள்ளைகளைச் சந்திக்க வருகிறவர்களைக் கடைக்காரர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள், மதம் மாற்ற வந்தவர்களோ, சங்கம் சேர்க்க வந்தவர்களோ என்று. ஆகவே முதலாளிகளோடு பேசவேண்டியிருக்கும். சென்னையில் கடை வைத்து வளர்ந்தவர்களில் நம் சபை மக்களும் இருக்கிறார்கள். ஊர்க்கோயில் பண்டிகைக்குக் காணிக்கை கேட்டு அவர்களிடம் நாம் தயங்காமல் போகிறோம். அதே வாசலில் போய், உங்கள் கடையில் நிற்கிற எங்கள் பிள்ளைகளுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையாவது விடுங்கள், சேர்ந்தாற்போல் நிற்கவைக்காதீர்கள் என்று கேட்க ஆயர்களும் சபைத் தலைவர்களும் போகவேண்டும். ஊழியர் தனியாகப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வருகிற ஜூனுக்குள் இப்படி ஒரு கடையிலாவது பேசி முடித்துவிட்டால், அடுத்த முறை ஜெபம் பண்ணச் சொல்லி வருகிற பையனிடம் எந்தக் கடைக்குப் போகிறாய் என்று கேட்டு, அங்கே யாரிடம் பேசவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியனுப்ப முடியும்.